விளையாடி முடித்ததும் ஐந்து வரி

வீடியோ கேம் நாம் செய்வதையெல்லாம் கணக்கு வைத்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் விளையாடினோம், எத்தனை முறை செத்தோம், எந்தக் கதவைத் திறந்தோம், யாரைக் காப்பாற்றினோம், யாரை விட்டுவிட்டு ஓடினோம் என்பதில் பெரும்பகுதி, விட்ட இடத்திலிருந்து தொடர கேம் பதிந்துவைக்கும் சேவ் கோப்பில் இருக்கும். ஏன் அப்படிச் செய்தோம் என்பது மட்டும் அதில் இருக்காது. அது நம் தலைக்குள் கொஞ்ச நேரம் இருக்கும். எழுந்து அடுத்த வேலையைப் பார்க்கப் போனதும் மறந்துபோகும்.

கேமோடு சேர்த்து நாட்குறிப்பு எழுதுவது, அந்த ‘ஏன்’ என்பதை மறப்பதற்குள் பிடித்துவைக்கும் பழக்கம். கேமுக்கு விமர்சனம் எழுதுவது வேறு. ஒரு லெவலை எப்படித் தாண்டுவது என்று குறிப்பெடுப்பதும் வேறு. அவை கேமைப் பற்றியவை, இது விளையாடுகிற ஆளைப் பற்றியது.

கேமுக்குப் பக்கத்தில் நோட்டு இருப்பது புதிய விஷயமும் இல்லை. 1993-ல் வெளியான மிஸ்ட் என்ற புதிர் கேமின் பெட்டிக்குள்ளேயே எதுவும் எழுதாத குறிப்பேடு ஒன்றை வைத்துக் கொடுத்தார்கள். தீவில் பார்த்த சின்னங்களையும் எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளாமல் அதை முடிப்பது பெரும்பாடு. அந்தக் காலத்து விளையாட்டாளர்கள் பலர் கட்டம் போட்ட தாளில் வரைபடம் வரைந்தபடியே விளையாடினார்கள். அதே நோட்டை நம் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு இரவு, ஒரு வீடு

எதற்காக கேமை வைத்து எழுத வேண்டும், வழக்கமான டைரி போதாதா என்று கேட்கலாம். போதும்தான். ஆனால் ஒரு சாதாரண நாளில் நாம் எடுக்கும் பெரிய முடிவுகள் மிகக் குறைவு. எடுத்தாலும் அதன் விளைவு தெரிய மாதங்கள் ஆகும். கேமில் ஒரு மணி நேரத்துக்குள் பல முடிவுகள் வந்துவிடும், விளைவும் உடனே தெரியும், யாருக்கும் நிஜமான இழப்பு கிடையாது. நம்மை நாமே கவனிக்க இவ்வளவு வசதியான இடம் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது என்பது என் எண்ணம்.

திஸ் வார் ஆஃப் மைன் என்ற கேமை எடுத்துக்கொள்வோம். போலந்தைச் சேர்ந்த 11 பிட் ஸ்டுடியோஸ் 2014-ல் வெளியிட்டது. 1992 முதல் 1996 வரை நடந்த சரயேவோ முற்றுகையிலிருந்து பிறந்த கற்பனை. இதில் நாம் போர்வீரர் இல்லை. முற்றுகையில் மாட்டிக்கொண்ட நகரத்தில், இடிந்த வீடு ஒன்றில் ஒதுங்கியிருக்கும் சாதாரண மக்களை நடத்திச் செல்ல வேண்டும். பகலில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பயந்து வெளியே போக முடியாது. இரவில் ஒருவர் மட்டும் போய் சாப்பாடு, மருந்து, விறகு தேடி வர வேண்டும்.

போகக்கூடிய இடங்களில் ஒன்று, வயதான தம்பதி இருக்கும் வீடு. அவர்களிடம் உணவும் மருந்தும் இருக்கும். முதியவர் கெஞ்சுவாரே தவிர எதிர்த்துச் சண்டை போட மாட்டார். எடுக்க நினைத்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வரலாம். கேம் தடுக்காது.

இந்த இரவை விளையாடிய ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: “கிழவர் வீட்டில் திருடினேன். பாவமாக இருந்தது. நல்ல கேம்.” இதில் எழுத்து இருக்கிறது, ஆள் இல்லை. அதே ஆள் இன்னும் இரண்டு நிமிடம் உட்கார்ந்து யோசித்தால் இப்படி வரலாம்:

“மருந்தை எடுத்தேன். வீட்டில் ஒருத்தர் காய்ச்சலில் கிடக்கிறார், வேறு வழியில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் மருந்தை எடுத்த பிறகு சாப்பாட்டையும் எடுத்தேன். எங்களிடம் இரண்டு நாளைக்கு இருந்தது. எடுத்தாயிற்று, இன்னும் கொஞ்சம் எடுத்தால் என்ன என்று தோன்றியது.”

கடைசி வரிக்காகத்தான் இந்தப் பழக்கமே. மருந்துக்குக் காரணம் இருந்தது. சாப்பாட்டுக்கு இல்லை. முதல் தவறு இரண்டாவதற்கு வழி திறந்துவிட்டது, அவ்வளவுதான். இதைத் தாளில் பார்த்ததும் ஒரு கேள்வி தானாக வரும்: இதே மாதிரி வேறு எங்கே செய்கிறேன்? ஒரு நாள் உடற்பயிற்சி தவறினால் அந்த வாரம் முழுக்க விட்டுவிடுவது, மாத பட்ஜெட்டில் ஒரு வீண் செலவு வந்துவிட்டால் மீதிப் பணத்தையும் யோசிக்காமல் செலவழிப்பது. உளவியலாளர்கள் ஜேனட் போலிவியும் பீட்டர் ஹெர்மனும் உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களிடம் இதையே கண்டு எழுதியிருக்கிறார்கள். கட்டுப்பாடு கொஞ்சம் உடைந்துவிட்டது என்று நினைத்த மாத்திரத்தில், இனி எதற்கு என்று அளவில்லாமல் சாப்பிட்டுவிடுகிறார்கள்.

ஆனால் அந்தக் கேள்வியை ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டாம். கேட்டால் விளையாட்டே பரீட்சை மாதிரி ஆகிவிடும். எப்போதாவது, ஒரு வரி உண்மையாகவே உறுத்தும்போது மட்டும் கேட்டால் போதும்.

ஐந்து வரி எப்படி

பக்கம் பக்கமாக எழுதத் தேவையில்லை. உட்காரும்போது இரண்டு வரி, எழுந்திருக்கும்போது மூன்று வரி.

உட்காரும்போது: இப்போது எதற்காக விளையாடப் போகிறேன், எவ்வளவு நேரம். இதில் முதல் கேள்வி லேசாகத் தெரியும், பதில் சொல்லித்தான் பாருங்கள். “அந்த பாஸை இன்றைக்கு முடித்துவிட வேண்டும்” என்பது ஒரு பதில் (பாஸ் என்றால் வழியை மறிக்கும் பெரிய எதிரி). “நண்பர்கள் ஆன்லைனில் இருக்கிறார்கள்” என்பது இன்னொன்று. “நாளைக்குக் கொடுக்க வேண்டிய வேலையை நினைத்தாலே பயமாக இருக்கிறது” என்பதும் பதில்தான். மூன்றும் ஒரே கேமைத் திறக்கின்றன, ஆனால் மூன்று பேரும் வேறு வேறு மனநிலையில் எழுந்திருப்பார்கள்.

முடிக்கும்போது: எடுத்த ஒரு முடிவும் அதன் காரணமும், உடம்பில் இப்போது என்ன தெரிகிறது, மனதில் மிச்சமிருப்பது என்ன. உடம்பை எழுதச் சொல்வது பலருக்கு வேடிக்கையாகப் படும். தாடை இறுகியிருப்பது, தோள் காதுவரை ஏறியிருப்பது, கண் எரிவது, இல்லையென்றால் நிஜமாகவே லேசாக இருப்பது. மனசு ‘ஜாலியாக விளையாடினேன்’ என்று சொல்லும்போது தோள்பட்டை வேறு கதை சொல்லும். நான் தோள்பட்டையை நம்புகிறேன்.

கேமை மூடுவதற்கு முன்பே எழுதிவிடுவது நல்லது. தாமதித்தால் முடிவு தெரிந்த பிறகு காரணத்தையும் மாற்றிக்கொள்வோம். ஜெயித்துவிட்டால் எல்லாம் திட்டமிட்டுச் செய்தது போலத் தோன்றும், தோற்றுவிட்டால் அப்போதே சந்தேகமாக இருந்தது என்போம். சிவிலைசேஷன் போன்ற வியூக கேம்களில் இதை அழகாகச் சோதிக்கலாம். பக்கத்து நாட்டின் மேல் போர் தொடுப்பதற்கு முன்பே, ஏன் தொடுக்கிறேன், என்ன நடக்கும் என்று நினைக்கிறேன் என்று எழுதுங்கள். பத்து டர்ன் (உங்கள் முறை பத்து தடவை வந்த பிறகு) கழித்து எடுத்துப் படியுங்கள்.

டெல்டேல் நிறுவனம் 2012-ல் வெளியிட்ட தி வாக்கிங் டெட் கேமில், ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் மற்ற விளையாட்டாளர்களில் எத்தனை சதவீதம் பேர் உங்கள் முடிவை எடுத்தார்கள் என்று காட்டும். அந்தத் திரை வருவதற்குள் எழுதிவிடப் பாருங்கள். பெரும்பாலானோர் நம் பக்கம் என்று தெரிந்ததும் காரணத்துக்கு ஒரு தைரியம் வந்துவிடும். சிறுபான்மை என்று தெரிந்தால் சமாதானம் தேட ஆரம்பிப்போம். இரண்டுமே முதலில் இருந்த காரணத்தை அழித்துவிடும். மறந்துபோய்த் திரையைப் பார்த்துவிட்டால், அதைப் பார்த்ததும் என்ன தோன்றியது என்பதை எழுதுங்கள். அதுவும் நல்ல வரிதான்.

கேம் கேட்காததைச் செய்த இடம்

இதில் ஒரு பெரிய எச்சரிக்கை இருக்கிறது. கேமில் செய்ததையெல்லாம் ‘இதுதான் நான்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேமில் வழிப்போக்கரைச் சுட்டவர் மனதில் கொலைகாரர் இருக்கிறார் என்று அர்த்தமில்லை. வேறொருவராக இருந்து பார்ப்பதுதான் பலருக்கு விளையாட்டின் சுகமே.

பாத்திரம் நம்மை மாற்றுவதும் உண்டு. நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், மெய்நிகர் உலகில் உயரமான உருவம் கிடைத்தவர்கள், குள்ளமான உருவம் கிடைத்தவர்களைவிடப் பேரத்தில் அதிக கறாராக நடந்துகொண்டார்கள். உருவத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கவும் இல்லை. ஆகவே பெரிய கவசம் போட்ட வீரராக விளையாடிய அன்று நீங்கள் முரட்டுத்தனமாக நடந்துகொண்டால், அதில் கவசத்துக்கும் பங்கு இருக்கிறது.

அப்புறம், கேமின் அமைப்பு. பெட்டியைத் திறந்தால் பொற்காசு கிடைக்கும் என்றால் எல்லோரும் பெட்டியைத் திறப்பார்கள். அதை எழுதி ஆராய ஒன்றுமில்லை, அது கேமை உருவாக்கியவரின் முடிவு.

அப்படியானால் எங்கே தேடுவது? என்னைக் கேட்டால், கேம் கேட்காததை, பரிசு தராததை நீங்கள் செய்த இடத்தில். அங்கே செய்தது உங்களுடையது. கட்டைகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் கேமில் யாரும் பார்க்காத வீட்டின் பின்சுவருக்கு ஜன்னல் வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தும், கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லையும் நின்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமில் ஒரு நாள் என்பது சுமார் 14 நிமிடம்தான். அதைப் பயிருக்கும் சுரங்கத்துக்கும் நிமிடக் கணக்குப் போட்டுப் பிரிப்பவர் ஒருவர், மழை பெய்கிறதே என்று கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருபவர் இன்னொருவர். இரண்டையும் கேம் ஏற்றுக்கொள்கிறது. ஓய்வுக்கு என்று வாங்கிய கேமில் கூட ஒரு நாளை வீணாக்க முடியவில்லை என்பதை ஒருவர் எழுதிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

மறுத்த இடமும் அப்படித்தான். 2018-ல் வந்த செலஸ்ட் மிகக் கடினமான தாவல் கேம். ஒரு மலையை ஏறி முடிக்க வேண்டும், நூற்றுக்கணக்கான முறை சாவது சாதாரணம். வேகத்தைக் குறைக்கவும், சாகாமலே ஆடவும் உதவும் ‘அசிஸ்ட் மோட்’ அதிலேயே இருக்கிறது. பயன்படுத்தினால் தண்டனை இல்லை, யாருக்கும் தெரியவும் போவதில்லை. அப்படியிருந்தும் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு, கடுப்பாகி, அதைத் தொடாமலே இருப்பவர்கள் ஏராளம். சவால் பிடிக்கிறது என்பதால் தொடாமல் இருப்பது ஒன்று. உதவி வாங்கினால் முடித்த கணக்கில் வராது என்று நினைத்துத் தொடாமல் இருப்பது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எந்த முயற்சியில் ரசனை நின்று பிடிவாதம் தொடங்கியது என்று எழுதுங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

கோபம் வந்த அன்று

ஆன்லைனில் தோற்ற இரவுகளின் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: “டீம் சரியில்லை.” உண்மையாகவே சரியில்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வரியிலிருந்து எங்கும் போக முடியாது. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: “இரண்டாவது மேட்ச் முடிந்ததும் நிறுத்தத் தோன்றியது. தோல்வியோடு எழுந்திருக்க மனமில்லை. மூன்றாவதில் ஆரம்பத்திலிருந்தே அவசரம். மைக்கில் யார் என்ன சொன்னாலும் எரிச்சல்.” கேமர்கள் ‘டில்ட்’ என்று சொல்வது இதைத்தான். இங்கே தோல்விக்கான காரணம் மூன்றாவது மேட்சில் இல்லை, எழுந்திருக்காத அந்த நொடியில் இருக்கிறது. எழுதினால்தான் அது கண்ணில் படும்.

கோபம் தணியாமல் எழுதுவது கஷ்டமாக இருந்தால் ‘நான்’ என்பதை விட்டுவிட்டு உங்கள் பெயரைப் போட்டு எழுதிப் பாருங்கள், ஒரு நண்பரைப் பற்றி எழுதுவது போல. ஈதன் கிராஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வுகளில், பதற்றமான நேரத்தில் தன்னையே பெயர் சொல்லி அழைத்து யோசித்தவர்கள், ‘நான்’ என்று யோசித்தவர்களைவிட நிதானமாகச் சமாளித்தார்கள். கேம் விளையாடுபவர்களுக்கு இது எளிதாகவே வரும், தன்னை இன்னொரு பாத்திரமாகத் தள்ளி நின்று பார்த்துப் பழகியவர்கள்தானே.

எழுதுவதால் பலன் உண்டா என்பதற்கு அதிகம் பேசப்படும் ஆய்வு 1986-ல் வந்தது. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். வாழ்க்கையில் நடந்த கொடுமையான சம்பவத்தையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் சுகாதார மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். பிறகு 2006-ல் 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஜோஆன் ஃப்ராட்டரோலி, பலன் இருக்கிறது, ஆனால் சராசரியாகப் பார்த்தால் சிறியது என்றார். இவை கேமைப் பற்றிய ஆய்வுகள் இல்லை. நமக்கு உதவுவது, நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுத வேண்டும் என்ற குறிப்புதான்.

எழுதுவதே தொல்லையாகவும் ஆகலாம். ட்ராப்னெல், கேம்ப்பெல் என்ற ஆய்வாளர்கள் 1999-ல், ஆர்வத்தால் தன்னைப் பற்றி யோசிப்பதையும் பயத்தால் தன்னையே குடைந்துகொண்டிருப்பதையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். உங்கள் நோட்டில் எது நடக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. அதே வாக்கியம் வார்த்தை மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால் அது குடைச்சல். அப்போது கேள்வியை மாற்றுங்கள். ‘நான் ஏன் இப்படி இருக்கிறேன்’ என்பதை விட்டுவிட்டு, ‘எந்த நொடியில் கோபம் வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது’ என்று கேளுங்கள். அதுவும் முடியவில்லையென்றால் சில நாள் எழுதாமல் விளையாடுங்கள்.

இன்னொன்று, இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். உட்காரும்போது எழுதும் வரியில் ‘வேறு எதையும் செய்யப் பிடிக்கவில்லை’ என்பது நாள் தவறாமல் வந்து, தூக்கமும் வேலையும் கெட்டு, அப்படியும் நிறுத்த முடியவில்லை என்றால் நோட்டு போதாது. விளையாடுவதில் கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுப்பது, பாதிப்பு வந்த பிறகும் தொடர்வது என்ற நிலை சுமார் 12 மாதங்கள் நீடித்தால், அதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஒரு கோளாறாகக் கணக்கில் எடுக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்றில்லை. முன்பே ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்க்கலாம். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், பேச்சைத் தொடங்க உதவும்.

திரும்பப் படிப்பது

எதில் எழுதுவது என்பது பெரிய கேள்வி இல்லை. நான் காகிதத்தின் பக்கம், ஏனென்றால் போனை எடுத்தால் எழுதுவதற்குள் வேறெங்கோ போய்விடுவோம். எழுதவே வராதவர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதன் கீழே ஒரு வரி போடலாம். எந்த இடத்தில் நின்று படம் எடுக்கத் தோன்றியது என்பதே பாதிக் குறிப்பு.

மாதம் ஒரு முறை மொத்தமாகப் படியுங்கள். படிக்கும்போது வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடு போடுவது நல்ல வழி. தமிழில் அவை பெரும்பாலும் வாக்கியக் கடைசியில் வருவதால் கண்ணை ஓட்டுவதும் சுலபம். காப்பாற்றினேன், தள்ளிப்போட்டேன், சேர்த்துவைத்தேன், திரும்பப் போனேன் என்று சில சொற்கள் கேம் மாறினாலும் மாறாமல் வந்துகொண்டே இருக்கும்.

‘சேர்த்துவைத்தேன்’ என்பதை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாக இருந்து நீண்ட கதையை ஆடும் கேம், விளையாடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த வழக்கம். அரிய மருந்து கிடைக்கும், பின்னால் தேவைப்படும் என்று பையில் வைப்போம். கடைசி பாஸும் செத்து, கதை முடிந்து, பெயர்கள் ஓடும்போது அத்தனை மருந்தும் பையிலேயே இருக்கும். வெவ்வேறு கேம்களின் குறிப்புகளில் இது மறுபடி மறுபடி வந்தால், அடுத்த கேமில் அதைத் தலைகீழாகச் செய்து பாருங்கள். கிடைத்த மருந்தை அடுத்த சண்டையிலேயே பயன்படுத்திவிட வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய சேவ் கோப்பைத் தொடாமல் தனி சேவ் கோப்பில் விளையாடுங்கள், வேண்டாம் என்றால் திரும்பி வரலாம். அன்றைய ஐந்து வரியில் ஒன்று, பட்டனை அழுத்துவதற்கு முன் கை தயங்கியதா, தயங்கியது என்றால் அப்போது மனதில் ஓடியது என்ன என்பதாக இருக்கட்டும். அடுத்த சில சண்டைகளிலும் அதே கேள்விக்கே பதில் எழுதுங்கள், தயக்கம் குறைகிறதா கூடுகிறதா என்று பார்க்கலாம்.